களமும் கல்வியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘ஆட்டமா, படிப்பா?’ இந்த வினாவைச் சந்திக்காத விளையாட்டு வீரர் எந்தக் கல்லூரியிலும் இரார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செங்கல் சூளையில் வேலை செய்யும் என் தந்தையார், “ஓடினால் சோறு கிடைக்குமா? முதலில் பட்டத்தை வாங்கப்பா” என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனினும் 1500 மீட்டர் ஓட்டத்தை என்னால் விட இயலவில்லை. இரண்டையும் ஒருசேரக் காப்பது எப்படி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. ஒரு மைல் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 1609 மீட்டரை, நான்கு நிமிடத்திற்குள் ஓட முடியுமா என்று பலரும் ஐயுற்றிருந்த காலம் ஒன்றிருந்தது. 1954ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் ரோஜர் பேனிஸ்டர் அதனை 3 நிமிடம் 59.4 நொடிகளில் ஓடி முடித்தார். அப்போது அவர் இலண்டனில் மருத்துவ மாணவர். நாள் முழுதும் பயிற்சி செய்ய அவருக்கு நேரமேது? மதிய உணவு இடைவேளையில் திடலுக்குச் சென்று பயிற்சி செய்தார். பின்னாளில் நரம்பியல் மருத்துவராகவும் புகழ் பெற்றார். நம் நாட்டிலும் அத்தகையோர் உண்டு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் நாகா மலைப்பகுதியைச் சேர்ந்த தாலிமெரன் ஆவ். கல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அவர், 1950இல் பட்டமும் பெற்றார்.

இவர்களுக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரம்தான். ஆகவே நேரத்தை எப்படிப் பகுப்பது என்பதே கேள்வி. நம் வேலைகளில் கடன் வாங்கக் கூடியவை சில. கடன் வாங்க முடியாதவை சில. இந்த வேறுபாட்டை அறிவதே நான் கண்ட வழி.

போட்டிக்குச் சென்ற நாளில் நடந்த பாடத்தை நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். செய்முறை வகுப்பு அப்படியன்று. நிறமாலைமானியின் தொலைநோக்கியை இணைக்கதிர்களுக்குச் சரிசெய்வதும், முப்பட்டகம் வைக்கும் மேடையைச் சமமட்டமாக்குவதும், வெர்னியர் அளவைப் படிப்பதும் நம் கையும் கண்ணும் பழக வேண்டியவை. நண்பனின் அளவீடுகளை எழுதினால் ரிக்கார்டு நிரம்பும், கை பழகாது.

ஓட்டப் பயிற்சியும் அத்தகையதே. ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு, ஞாயிறன்று எல்லாவற்றையும் சேர்த்து ஓடினால் வலிமை வராது, காயம்தான் வரும். உறக்கத்தையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். உழைத்த தசைகள் தேறுவதற்கும், படித்தது மனத்தில் நிலைபெறுவதற்கும் உறக்கம் தேவை. நம் வயதினருக்கு இரவில் 7 மணி நேரமாவது வேண்டும்.

ஆகவே காலை 5.30 முதல் 7 மணி வரை திடல். செய்முறை வகுப்பு எதையும் தவறவிடுவதில்லை. இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். இம்மூன்றையும் மாற்றுவதில்லை. மற்றவை எஞ்சிய நேரத்தில் இடம் பிடித்துக்கொள்கின்றன. பேருந்துப் பயணத்தில் சூத்திரங்களைப் படிக்கிறேன். போட்டிக்குச் செல்ல வேண்டியிருந்தால், உடற்கல்வி இயக்குநர் கையொப்பமிட்ட கடிதத்தை முன்கூட்டியே துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுகிறேன். அப்போதுதான் விடுபடும் சோதனையை மற்றொரு பிரிவினரோடு சேர்ந்து செய்ய அனுமதி கேட்க முடிகிறது.

செய்முறைத் தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது? நான் தேர்வுக்கே செல்வேன். வருத்தம் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் என் கால்கள் ஓடும். என் தந்தையாரின் தோள்கள் இன்னும் எத்தனை ஆண்டு கல் சுமக்கும்?

மாணவ நண்பர்களே! திடலில் நிற்பவன் படிக்க மாட்டான் என்னும் பேச்சை நாம் வாதம் செய்து மாற்ற முடியாது. மதிப்பெண் பட்டியலையும் பதக்கத்தையும் ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுசென்று மாற்றுவோம்.