அடுக்குக்குறி விதிகளும் தொட்டி நீரும்

பாலாற்றங்கரை ஊராகிய வாணியம்பாடியின் தோல் பதனிடும் ஆலைகளில் இருவகைத் தொட்டிகளைக் காணலாம். மயிர் நீக்குவதற்குரியது சுண்ணாம்புத் தொட்டி. அதன் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 12. தோலைப் பதத்திற்குக் கொணர உப்பும் அமிலமும் கலந்தது மற்றொன்று. அதன் மதிப்பு ஏறத்தாழ 3. வேறுபாடு ஒன்பதுதானே என எண்ணற்க. அவ்வொன்பது அடுக்கில் நிற்கும் எண்.

1909-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு வேதியியலாளர் சோரென்சன் இம்முறையை வகுத்தார். ஒரு லிட்டர் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனியின் அளவு 10⁻³ மோல் எனில், குறைக்குறியை விடுத்து 3 என்றார். ஆகவே அமிலத் தொட்டியின் செறிவைச் சுண்ணாம்புத் தொட்டியின் செறிவால் வகுப்போம்.

10⁻³ ÷ 10⁻¹² = 10⁻³⁺¹² = 10⁹

அஃதாவது நூறு கோடி மடங்கு! அ⁷ ÷ அ³ என்பதில் மேலுள்ள ஏழு அ-க்களில் மூன்று, கீழுள்ள மூன்றோடு நீங்க, அ⁴ எஞ்சுகிறது. வகுத்தலில் அடுக்குகளைக் கழிப்பதன் காரணம் இதுவே. குறையெண்ணைக் கழிக்கும்போது அது கூட்டலாகும் என்பதை மறந்து 10⁻¹⁵ என எழுதுவோர் பலர். அமிலம் மிகுந்ததைக் குறைந்ததால் வகுத்தால் விடை ஒன்றினும் சிறிதாகுமா என வினவினால் பிழை உடனே புலப்படும்.

மாறிகள் பல வரினும் நெறி அதுவே.

6அ⁵ஆ² ÷ 2அ²ஆ⁻³ = 3அ³ஆ⁵

ஆற்றிலும் ஏரியிலும் விடப்படும் கழிவுநீரின் பிஎச் மதிப்பு 5.5 முதல் 9 வரை இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மதிப்பு 3 உடைய வலிமிகு அமில நீர் ஒரு லிட்டரை, நல்ல நீர் ஊற்றியே 5.5-க்குக் கொணர முயல்வதாகக் கொள்வோம். −3-இலிருந்து −5.5-ஐக் கழிக்க அடுக்கு 2.5 ஆகும். அரை அடுக்கு என்பது யாது? அரையும் அரையும் கூட ஒன்று. எனவே தன்னைத் தானே பெருக்கிப் பத்தைத் தரும் எண்ணாகிய √10 அது. 10² × √10 ≈ 316. ஒரு லிட்டர் கழிவுக்கு 315 லிட்டர் நல்ல நீர்! ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றின் கரையில் இதற்கு நீர் ஏது? எனவேதான் காரம் சேர்த்து அமிலத்தை நடுநிலையாக்குகின்றனர். அதனாலும் கரைந்த உப்பு நீங்குவதில்லை. அதற்கு வேறு சுத்திகரிப்பு வேண்டும். இப்பகுதித் தோல் ஆலைக் கழிவுகள் குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது.

பயிற்சி: சுண்ணாம்பு நீரின் மதிப்பை 12-இலிருந்து 9-க்குக் குறைத்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு எத்தனை மடங்காகும்?