உப்புக் காற்றும் ஒலித்தடுப்பு ஜன்னலும்: மரக்காணம் கரையில் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

வங்கக் கடலுக்கும் கழுவெளி நீர்ப்பரப்புக்கும் அருகே உப்புப் பாத்திகளாக விரிந்து கிடக்கும் மரக்காணம் பகுதியில், வீட்டு ஜன்னல் என்பது காற்று, கொசு, துரு ஆகிய மூன்றையும் கருதித் தேர்ந்தெடுக்கப்படும் பொருளாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இப்பகுதி 332ஏ எண் கொண்ட தேசிய நெடுஞ்சாலையாகி, மாமல்லபுரத்திலிருந்து தெற்கு நோக்கி நான்கு வழியாக விரிந்துவரும் நிலையில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட 46 கிலோமீட்டர் நீளத்துக்கும் 2,157 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்ததை அடுத்து, நான்காவதாக இரைச்சலும் கணக்கில் சேர்ந்துள்ளது. ஒலித்தடுப்பு ஜன்னல் என்ற பெயரில் விற்கப்படுபவை பற்றி மக்களிடையே நிலவும் நம்பிக்கைகளில் சில பாதி உண்மை. சில முழுப் பிழை. இன்னும் சில வேறு ஊருக்குப் பொருந்தி, உப்புக் காற்று வீசும் இக்கரைக்குப் பொருந்தாமல் போகின்றவை.

நம்பிக்கை: ஒற்றைக் கண்ணாடியை விட இரட்டைக் கண்ணாடி எப்போதும் மேலானது

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் குளிர்நாடுகளில் வெப்ப இழப்பைத் தடுப்பதற்காக உருவானது. அதன் ஒலித்தடுப்பு ஆற்றல் பலர் எண்ணுவதை விடக் குறைவானது. இரு கண்ணாடிகளுக்கும் இடையே வெற்றிடம் இருப்பதாகவும் அதனால் ஒலி கடக்க வழியில்லை என்றும் சொல்லப்படுவது பிழையாகும். வழக்கமாக விற்கப்படும் ஜன்னல்களில் அங்கே இருப்பது உலர்ந்த காற்று அல்லது ஆர்கான் வாயு, இரண்டுமே ஒலியை நன்றாகக் கடத்துபவை. சிறிய இடைவெளியில் அடைபட்ட அந்தக் காற்று ஒரு சுருள்வில்லைப் போல இரு கண்ணாடிகளையும் பிணைத்துவிடுவதால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து அதிர்ந்து, ஒலியைத் தடுப்பதற்குப் பதிலாக உள்ளே விட்டுவிடுகின்றன. 4 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 மில்லிமீட்டர் இடைவெளி, மீண்டும் 4 மில்லிமீட்டர் கண்ணாடி என்ற பரவலான அமைப்பில் இந்த ஒத்ததிர்வு ஏறத்தாழ 245 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது லாரியின் உறுமல் நிறைந்திருக்கும் தாழ்வான அதிர்வெண்களுக்கு நடுவே நிகழ்கிறது.

ஐரோப்பியத் தர ஆவணங்களில் தரப்பட்டுள்ள பொது மதிப்புகள் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன. மேற்சொன்ன இரட்டைக் கண்ணாடியின் ஒலித்தடுப்பு எண் 29 டெசிபல். சாதாரண 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடியின் எண் 31. சாலை இரைச்சலுக்கு உரிய திருத்தத்தைக் கழித்தால் முன்னது 25 ஆகவும் பின்னது 28 ஆகவும் நிற்கின்றன. கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய இரட்டைக் கண்ணாடி, சற்றுத் தடித்த ஒற்றைக் கண்ணாடியிடம் தோற்கும் இந்தச் செய்தி விளம்பரத் தாள்களில் இடம்பெறுவதில்லை. இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமனில் இருந்தாலோ, அவற்றுள் ஒன்று லேமினேட்டட் கண்ணாடியாக, அதாவது இரு தகடுகளுக்கு நடுவே மென்மையான பிவிபி படலம் ஒட்டப்பட்டு அதிர்வைத் தணிக்கும் வகையாக இருந்தாலோ நிலைமை மாறும். டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றி வலுவூட்டப்பட்ட கண்ணாடி, உடையாமல் காக்குமே தவிர ஒலியைத் தடுப்பதில் சாதாரணக் கண்ணாடிக்கு மேலானதன்று. எடையும் விறைப்பும் இரண்டுக்கும் ஒன்றே.

நம்பிக்கை: எண் பெரிதாக இருந்தால் போதும்

விற்பனையாளர் சொல்லும் ஒற்றை எண் பொய்யன்று. ஆனால் அது யாருக்கான எண் என்பதே கேள்வி. அமெரிக்க முறையில் எஸ்டிசி என்று வழங்கும் எண் 125 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அறைக்கும் அறைக்கும் இடையே பேச்சொலி கடப்பதை அளக்கவே அது வகுக்கப்பட்டது. பன்னாட்டு முறையில் ஆர்டபிள்யூ என்று குறிக்கப்படும் எண்ணோடு இரண்டு திருத்த எண்கள் அடைப்புக்குறிக்குள் தரப்படும். அவற்றுள் இரண்டாவதான சிடிஆர், நகரச் சாலைப் போக்குவரத்தின் தாழ்வான ஒலிகளைக் கருதிக் கழிக்க வேண்டிய அளவு. ஆர்டபிள்யூ 36, சிடிஆர் கழித்தல் 5 என்று எழுதியிருந்தால், நெடுஞ்சாலையோர வீட்டுக்காரர் நம்ப வேண்டிய எண் 31 மட்டுமே. டெசிபல் என்பது மடக்கை அளவு ஆகையால், 3 டெசிபல் வேறுபாடு ஒலி ஆற்றலில் இரு மடங்கையும், 10 டெசிபல் வேறுபாடு காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரப்பையும் குறிக்கும் என்பதை நினைவில் கொண்டால் இந்தக் கழித்தலின் பொருள் விளங்கும்.

ஆய்வகத்தில் பெற்ற எண் வீட்டில் அப்படியே கிடைக்கும் என்பதும் நடைமுறையில் தவறிவிடுகிறது. பக்கத்துக்கு 1.2 மீட்டர் உள்ள சதுர ஜன்னலை எடுத்துக்கொண்டால், அதன் சுற்றளவு 4.8 மீட்டர், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் அதன் பரப்பு ஜன்னல் பரப்பில் சரியாக 1 சதவீதம் ஆகிறது. ஒலி ஆற்றலில் நூறில் ஒரு பங்கு தடையின்றி நுழைந்தால், கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஸ்லைடிங் ஜன்னலில் கதவுகள் உரசி நகர வேண்டியிருப்பதால் தூரிகை போன்ற நார்ப்பட்டை மட்டுமே பொருத்தப்படுகிறது. மழைநீர் வடிவதற்கான துளைகளும் சட்டத்தின் அடியில் உண்டு. கீல் வைத்துத் திறக்கும் கதவு ரப்பர் பட்டையின் மேல் அழுந்தி மூடிக்கொள்கிறது. பல இடங்களில் ஒருசேரப் பூட்டும் கைப்பிடி அதை நாலா பக்கமும் இறுக்குகிறது. ஒலிக்காகவே வாங்கும் ஜன்னல் என்றால் கீல் வகையே தேர்வுக்குரியது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே நுரை மட்டும் நிரப்பிப் பூசி மறைப்பது போதாது. எடை குறைந்த நுரையை மட்டும் நம்ப முடியாது என்பதால் இருபுறமும் சிலிக்கோன் பசையால் அடைக்கப்பட வேண்டும்.

நம்பிக்கை: யுபிவிசிக்கு உப்பு ஒன்றும் செய்யாது

மரக்காணத்தில் ஜன்னல் தேர்வை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுவே. முதலில் ஒரு சிறு பிழை: காற்றில் உள்ள உப்பு பாத்திகளிலிருந்து ஆவியாகி வருவதாகப் பலர் கருதுகின்றனர். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு பாத்தியிலேயே படிகிறது, உப்பளத் தொழிலின் அடிப்படையே அதுதான். வீட்டுச் சுவரில் படியும் உப்பு பெரும்பாலும் கரையில் உடையும் அலைகளின் நுண்துளிகளிலிருந்து வருகிறது. ஆகவே உப்பளத்தை விட்டு விலகிக் கடலை நெருங்கி வீடு கட்டியவர் உப்பிலிருந்து தப்பியவர் ஆகார்.

யுபிவிசி என்னும் மென்மையூட்டி சேர்க்காத விறைப்பான நெகிழியை உப்பு அரிக்காது என்பது உண்மை. ஆனால் ஜன்னல் என்பது நெகிழிச் சட்டம் மட்டுமன்று. சட்டத்துக்குள் விறைப்புக்காகச் செருகப்பட்ட துத்தநாகம் பூசிய இரும்பு, அதைப் பிணைக்கும் திருகுகள், கீல்கள், பூட்டு நாக்குகள், ஸ்லைடிங் கதவின் உருளைகள் ஆகிய அனைத்தும் உலோகம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால் சமையலுப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாக மாறிவிடும். கடலோர இரவுகளில் இந்த அளவு எளிதாக எட்டப்படுவதால், உலோகத்தின் மேல் படிந்த உப்பு மழையில்லாத நாட்களிலும் நனைந்தே இருக்கிறது. கீல் துருவேறிக் கதவு ஒரு மில்லிமீட்டர் தொங்கினாலே ரப்பர் பட்டை ஒரு மூலையில் அழுந்தாமல் போகும். வாங்கும்போது 35 டெசிபல் தடுத்த ஜன்னல் சில ஆண்டுகளில் சாதாரண ஜன்னலாகிவிடுவது கண்ணாடியின் குற்றத்தால் அன்று, கீலின் குற்றத்தால். இக்கரையில் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை 316 தர எவர்சில்வர் கீலுக்கும் திருகுக்கும் ஒதுக்குவதே அறிவுடைமை. 304 தரத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் இதில் 2 முதல் 3 சதவீதம் கலந்திருப்பதால் உப்பின் குழியரிப்பை இது அதிகம் தாங்கும். அலுமினியச் சட்டத்தைத் தேர்ந்தெடுப்போர் வெட்டுமுனைகளிலும் திருகுத் துளைகளிலும் பூச்சு விடுபட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் அரிப்பு தொடங்குவது அங்கேதான். ரப்பர் பட்டையில் வெயிலையும் உப்பையும் தாங்கும் இபிடிஎம் வகையைக் கேட்டு வாங்கலாம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் சட்டத்தையும் கீலையும் கழுவுவது, விலையுயர்ந்த எந்தப் பூச்சுக்கும் குறையாத பாதுகாப்பு.

சுவர் தடித்த பழைய வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. அது இங்கே போதிய கவனம் பெறவில்லை. இருக்கும் மர ஜன்னலைப் பெயர்க்காமல், அதற்கு உட்புறம் 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேலான இடைவெளி விட்டு இரண்டாவது ஜன்னல் ஒன்றைப் பொருத்தினால், அகன்ற இடைவெளியில் காற்றின் பிணைப்பு தளர்ந்து, ஒத்ததிர்வு லாரியின் முக்கிய ஒலிகளுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெளி ஜன்னல் உப்பையும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல்களின் காற்றையும் தாங்கிக்கொள்ள, உள் ஜன்னலின் கீலும் பட்டையும் நெடுநாள் நிலைக்கும். ஒலிக்கும் உப்புக்கும் ஒருசேர விடை தரும் ஏற்பாடு இது.

நம்பிக்கை: சாலையிலிருந்து தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தால் ஜன்னலே வேண்டாம்

தொடர்ச்சியாக வண்டிகள் ஓடும் சாலை ஒரு கோடாக ஒலிப்பதால், தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் மட்டுமே குறைகிறது. 50 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்குப் போனாலும் கிடைப்பது 9 டெசிபல்தான். உப்பளத்தின் இறுகிய தரையும் நீர்ப்பரப்பும் ஒலியை உறிஞ்சாமல் எதிரொலிப்பவை. காற்றோட்டமற்ற தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலுள்ள காற்று வெப்பமாக இருக்கும்போது ஒலிக்கதிர்கள் கீழ்நோக்கி வளைவதால், பகலில் கேட்காத லாரி இரவில் தலைமாட்டில் ஓடுவதாகத் தோன்றுகிறது. பகலில் கடற்காற்று வீசுகையில் சாலைக்கு மேற்கே உள்ள வீடுகளுக்கும் இதே விளைவு நேர்கிறது. சவுக்கு மரங்களின் சில வரிசைகள் சாலையைக் கண்ணிலிருந்து மறைக்கும். ஒலியைச் சற்றேனும் குறைப்பதற்கு அடர்ந்த தோப்பு முப்பது மீட்டர் அளவுக்காவது அகன்றிருக்க வேண்டும்.

ஜன்னலுக்குப் பதில் தடித்த திரைச்சீலை போதும் என்பதும் தவறு; அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் ஒலியை அல்ல.

நம்பிக்கை: விமான ஒலிக்கும் இதே ஜன்னல் போதும்

விமான இரைச்சலின் கடுமையை அறிய வேண்டுமானால் மரக்காணத்தை விட்டு, மீனம்பாக்கம் ஓடுபாதைகளை ஒட்டிய பம்மல், கொளப்பாக்கம் பகுதிகளைத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் சாலை இரைச்சலுக்கு 45 டெசிபலையும் விமான இரைச்சலுக்கு 40 டெசிபலையும் எல்லையாகப் பரிந்துரைத்தது. அதாவது விமான ஒலிக்கு எல்லை இன்னும் கண்டிப்பானது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 45 டெசிபல் என்கின்றன. விமான ஒலி மேலிருந்து வருவதால் கூரையே முதல் ஜன்னல் ஆகிறது. கான்கிரீட் தளம் உள்ள வீட்டில் ஜன்னலை மாற்றுவது பயன் தரும், ஓட்டுக்கூரை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள வீட்டில் அது பெரிதும் வீண். சாலையோர வீட்டிலும் ஜன்னலுக்கு மேலுள்ள வெண்டிலேட்டர், ஏசி குழாய்க்கான ஓட்டை, எக்ஸாஸ்ட் விசிறி ஆகியவற்றை அப்படியே விட்டு ஜன்னலை மட்டும் மாற்றுவது இதே வகைப் பிழையாகும்.

நம்பிக்கை: ஜன்னலை அடைத்தாலும் ஏசி காற்றைப் பார்த்துக்கொள்ளும்

வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இறுக்கி மூடிய படுக்கையறையில் கரியமில வாயு இரவு முழுதும் கூடிக்கொண்டே போகும். சாலையைப் பாராத பக்கத்தில் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைப்பதோ, உட்புறம் ஒலி உறிஞ்சும் பஞ்சு பதித்த வளைந்த காற்றுக்குழாய் வைப்பதோ இதற்கு வழி.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வாசகர் செய்ய வேண்டியவை சில. சிடிஆர் திருத்தத்துடன் கூடிய சோதனை அறிக்கையை எழுத்தில் கேட்டுப் பெறுக. அது கண்ணாடிக்கு மட்டுமா, சட்டத்தோடு கூடிய முழு ஜன்னலுக்கா என்று பார்க்க. கீல், திருகு ஆகியவற்றின் தரத்தை விலைப்பட்டியலிலேயே குறிப்பிடச் செய்க. பொருத்தி முடித்த அன்று ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து மூடி நான்கு பக்கமும் இழுத்துப் பார்க்க; எளிதாக வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் பட்டை அழுந்தவில்லை, அதைச் சரிசெய்யாமல் மீதிப் பணத்தைத் தர வேண்டாம். அதே சோதனையை ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் திரும்பச் செய்க.