ஹூக்ளியில் கப்பல் தாழ்வது ஏன்?

வங்கக் கடலினின்று ஹூக்ளி ஆற்றின் வழியே கொல்கத்தாத் துறைமுகத்திற்கு வரும் கப்பல், ஒரு மூட்டையும் புதிதாக ஏற்றாதிருந்தும் சற்றே தாழ்கிறது. மிதக்கும் பொருளின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சமம் என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். ஒரு கனமீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோகிராம்; நன்னீரின் எடை 1,000 கிலோகிராமே. ஆகவே, 10,000 மெட்ரிக் டன் எடையுள்ள கப்பல் கடலில் ஏறத்தாழ 9,756 கனமீட்டர் நீரை விலக்கினால் போதும். ஆற்றிலோ 10,000 கனமீட்டரை விலக்கவேண்டும். நீர்மட்டத்தில் அதன் பரப்பு 2,000 சதுரமீட்டராயின், தாழ்வு சுமார் 12 சென்டிமீட்டராகும். மணல்திட்டுகள் மிகுந்த ஹூக்ளியில், கடற்பெருக்கின் நேரம் பார்த்தே திட்டுகளைக் கடக்கும் பெருங்கப்பல் தரைதட்ட இவ்வளவு போதும். இதன்பொருட்டே கப்பலின் பக்கங்களில், கடல்நீர்க்கோட்டிற்குச் சற்று மேலே நன்னீர்க்கோடு தீட்டப்படுகிறது. கொல்கத்தாவில் அக்கோடுவரை சுமையேற்றிய கப்பல், கடலையடைந்ததும் தானே உயர்ந்துவிடும்.