ஒளிவடிகட்டியில் படியும் உப்பும் கைரேகையும்

நம் சங்கத்துப் பிள்ளைகளில் நாலைந்து பேர் இப்போது சிறிய தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை விழிஞ்ஞத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். சென்ற மாதம் ஒரு பையன், "மாமா, பில்டர்ல வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுந்திருக்கு. சட்டையால துடைச்சுப் பார்த்தேன், போகலை" என்று கொண்டுவந்து காட்டினான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதே தவறை அவனைவிட மோசமாகச் செய்தவன் நான்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். டிப்ளமா முடித்து வேலையில் சேர்ந்த நாட்களில் கைகாட்டி மரங்கள் இருந்தன. மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் மாறி மாறி வந்து நிற்கும். அந்தப் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நீலம் தட்டும்! சுடரின் மஞ்சள் ஒளி அதன் வழியே வரும்போதுதான் ஓட்டுநர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். ஒளிவடிகட்டி என்றால் என்ன என்பதை நான் கற்றது அங்கேதான். அதில் கரி படிந்தால் பழந்துணியால் அழுத்தித் துடைப்போம். ஒன்றும் ஆகாது. நிறம் கண்ணாடியின் உடம்போடு கலந்தது.

வானம் பார்க்கும் பில்டர்களில் பல அப்படியல்ல. நெபுலாக்களைப் பார்க்க உதவும் ஆக்சிஜன் பில்டர், 500.7 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கிறது. இந்த வேலையைச் செய்வது கண்ணாடி அல்ல. அதன்மேல் அடுக்கடுக்காகப் படியவைத்த பூச்சு. ஓர் அடுக்கின் கனம் ஏறக்குறைய தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சூரியனைப் பார்க்கும் பில்டரிலும் ஒளியைத் தடுப்பது மேலே பூசிய உலோகப் படலமே. அதைக் கீறினால் பில்டரையே கீறியதாகும்.

15-1-2010 அன்று திருவனந்தபுரத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. முதல்நாள் மாலை என் சூரிய பில்டரை எடுத்துப் பார்த்தேன், உப்புப் புள்ளிகள். கைகாட்டிக் கண்ணாடிப் பழக்கத்தில் வாயால் ஊதி ஈரமாக்கி வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது! காலையில் என் மகள், "அப்பா, நான்தான் முதல்ல பார்ப்பேன்" என்று நின்றாள். ஏதோ தோன்றி, அறையை இருட்டாக்கிப் பில்டரை மின்விளக்குக்கு நேராகப் பிடித்தேன். பூச்சின் ஊடே நான்கைந்து வெள்ளிக் கம்பிகள் போல ஒளி வந்தது.

நல்ல சூரிய பில்டர் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். தொலைநோக்கியோ ஒளியைத் திரட்டித் தருகிற கருவி. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டால்கூட அந்த நேரத்தில் குழந்தை கண்ணை எடுக்காது. பில்டரை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன். அழுத மகளைச் சமாதானப்படுத்தி, அட்டையில் ஊசித்துளை போட்டுச் சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழவைத்தோம். பிற்பகல் ஒரு மணிக்கு மேல் வளையம் முழுமையானது; ஏழு நிமிடம் நின்றது. முருங்கை மரத்தடி நிழலில் நூற்றுக்கணக்கான வளையங்கள் ஆடியதைத்தான் அவள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, துடைக்கிற விஷயத்துக்கு வருவோம். கறை எது என்று தெரிந்துகொண்டுதான் திரவத்தை எடுக்க வேண்டும். பலரும் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட் போதும் என்கிறார்கள். மலையோரத்தில் அது சரியாக இருக்கலாம். கடலோரத்தில் நமக்கு வருவது உப்பு. காலவர்ஷக் காற்றில் பறந்து வரும் நீர்த்திவலை காய்ந்தால் உப்புத்தான் மிஞ்சும். அது தண்ணீரில் கரையும். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் அநேகமாகக் கரையாது. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் உப்புக்கல்லையே தேய்ப்பீர்கள். கைரேகை இதற்கு நேர்மாறு. அது எண்ணெய், ஆல்கஹாலுக்குத்தான் இளகும்.

இவை இரண்டுக்கும் முன்னால் மணலைப் போக்க வேண்டும். நம் கடற்கரைக் கருமணலில் இல்மனைட்டோடு சிர்கானும் இருக்கிறது. சிர்கான் கண்ணாடியைவிடக் கடினமானது. துணிக்கு அடியில் ஒரு துகள் சிக்கினால் போதும். ஆகவே முதலில் ரப்பர்ப் பந்து ஊதுகுழலால் காற்றடியுங்கள், பில்டரைத் தலைகீழாகப் பிடித்து. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகும் ஒட்டியிருந்தால் மென்மையான தூரிகையால் தொட்டும் தொடாமலும் ஒரு வீச்சு.

அதன்பின் வடித்த நீர். குழாய்நீர் காய்ந்தால் அதுவே புதுக் கறையாகும். தூய பஞ்சை நனைத்து, பிழிந்து, தன் எடையிலேயே கண்ணாடிமேல் ஒருமுறை இழுத்துவிட்டு எறிந்துவிடுங்கள். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. இங்கே கருமித்தனம் கூடாது! திரவத்தை நேராகப் பில்டரில் ஊற்றக் கூடாது. வளையத்துக்குள் இறங்கி ஓரத்திலிருந்து பூச்சை உரிக்கும். உப்பு போன பிறகும் எண்ணெய்ப்பசை தெரிந்தால் மட்டும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலை அதேபோலத் தொடுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய்ச் சேர்க்கை உண்டு. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் கிடக்கும் சானிடைசரும் வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், படலம் நிற்கும். அசிட்டோன் பிளாஸ்டிக் வளையத்தையே கரைத்துவிடும்.

இவ்வளவும் நெபுலா, நிலா பில்டர்களுக்குத்தான். சூரிய பில்டருக்குக் காற்று மட்டுமே. மெல்லிய தாள் வகையானாலும் கண்ணாடி வகையானாலும் தொடாதீர்கள். சிறு தூசி இருந்தால் படம் கெடாது. ஒவ்வொரு முறையும் இருட்டறையில் மின்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி ஒளி வந்தாலும் அது குப்பைக்கு. சுருக்கம் இருந்தால் பரவாயில்லை, ஓட்டை இருந்தால்தான் ஆபத்து. ஐபீஸில் திருகுகிற சூரிய பில்டர் பழைய பெட்டிகளில் கிடைத்தால் அதையும் எறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்து விரியும்.

எடுத்துவைக்கும்போது மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதன் அமிலம் கண்ணாடியையே அரிக்கும்; பிறகு எந்தத் திரவமும் உதவாது. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வெயிலிலோ அடுப்பிலோ காயவைக்க வேண்டும்.

2-8-2027 அன்று நம் பகுதியில் பகுதிக் கிரகணம் தெரியும். 21-5-2031 அன்று கங்கண கிரகணத்தின் பாதை தென்னிந்தியா வழியாகவே போகிறது. அலமாரியில் கிடக்கும் பில்டர்களை அன்று காலையில் தேடாமல் இப்போதே எடுத்துப் பார்ப்பது நல்லது.

அந்தப் பையனின் பில்டரில் உப்பு வடித்த நீரிலேயே போய்விட்டது. சட்டை போட்ட கீறல்கள் இரண்டு அப்படியே இருக்கின்றன. நெபுலா பில்டர் ஆனதால் கண்ணுக்கு ஆபத்தில்லை, பிம்பத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வீட்டில் ஒரு சூரிய பில்டரும் இருக்கிறதாம். அதையும் சட்டையால்தான் துடைத்தானாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.