ஒழுகும் குழாய்: பொறுப்பு யாருடையது?

வாடகை வீட்டில் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே மனத்தாங்கல் தோன்றப் பெருந்தொகை தேவையில்லை. மீண்டும் மீண்டும் ஒழுகும் ஒரு குழாய் போதும். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இடுக்கி மலைப்பகுதிகளிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுள் வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் உள்ளனர். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் உள்ளனர். இரு சாராருக்கும் பயன்படும் வகையில் இப்பொருளை இங்கு ஆராய்வோம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாதம் 6,000 ரூபாய் வாடகையில் ஒரு குடும்பம் வசிப்பதாகக் கொள்வோம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. குடியிருப்பவர் 250 ரூபாய் செலவில் வாஷரை மாற்றுகிறார். இரண்டு மாதங்களில் மீண்டும் ஒழுகுகிறது, மீண்டும் மாற்றுகிறார். நான்காம் முறை சுவரிலும் ஈரம் படர்கிறது. ஆயிரம் ரூபாய் வீணாயிற்று என்று அவர் வாடகையை நிறுத்த எண்ணுகிறார். சுவர் கெட்டது என்று உரிமையாளர் முன்பணத்தில் கழிக்க எண்ணுகிறார். பழுதுக்குக் காரணம் யாது என்று இருவரும் கேட்கவில்லை.

காரணத்தை அறிதல்

ஒரே பழுது மூன்று முறை வந்தால், அதனை மூன்று சிறு பழுதுகளாகக் கருதலாகாது. சரிசெய்யப்படாத ஒரே காரணம் பின்னால் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் மழை குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பும் வீடுகள் பல. நீர் கடினமாக இருப்பின் அதிலுள்ள உப்புகள் குழாயின் உட்புறத்திலும் வால்வுகளிலும் படிந்து இறுகும். அங்கு வாஷரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் சிறிதே.

இடுக்கியில் நிலை வேறு. மேட்டிலுள்ள ஊற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ நீர் சரிவில் இறங்கி வீட்டை அடைகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்திற்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். தொட்டி 40 மீட்டர் மேலே இருந்தால், குழாயைத் திறக்காத நேரத்தில் இணைப்புகள் 4 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் இது அரைக் கிலோ அளவே இருக்கும். இணைப்பு அடிக்கடி கழன்றால் அங்குத் தேவைப்படுவது இடைத்தொட்டி அல்லது அழுத்தம் குறைக்கும் வால்வு.

சுவருக்குள் கசிவு உண்டா என்பதை அறிய எளிய வழி உண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்து, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்க. காலையில் எண் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. நிமிடத்திற்கு 100 மில்லி கசிந்தாலும் ஒரு நாளில் 144 லிட்டர் வீணாகும்.

சட்டம் கூறுவது

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக்குப் பின் நியாயமான காலத்திற்குள் செய்யாவிடில், குடியிருப்பவரே அதைச் செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம். குடியிருப்பவரோ இயல்பான தேய்மானம் நீங்கலாக வீட்டை நல்ல நிலையில் காக்க வேண்டும்.

இங்கு ‘கடமைப்பட்ட’ என்னும் சொல்லே முக்கியமானது. எப்பழுது யார் கடமை என்பதை ஒப்பந்தமே பெரிதும் தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் கழிவு கோருவது வழக்கில் முடியலாம்.

ஒப்பந்தத்திற்கு நல்ல முன்மாதிரி, 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம். குழாய்களை மாற்றுதல் உரிமையாளர் பொறுப்பு. வாஷர், குழாய்த் திருகு, அடைப்பு நீக்கல் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு என்று அது பிரிக்கிறது. மாநிலம் ஏற்றாலன்றி அது சட்டமாகாது; எனினும் அப்பிரிவினையை நம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடையில்லை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம் எல்லைக்கு இப்பாலுள்ள வீட்டிற்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்க.

கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் ஊர்களில், குடியிருப்பவர் துய்த்துவரும் வசதிகளைத் தக்க காரணமின்றி உரிமையாளர் துண்டிக்கலாகாது. அதே சட்டத்தில் வாடகை பாக்கி வீட்டைக் காலி செய்விக்கும் காரணங்களுள் ஒன்று. ஆகவே, கோபத்தில் வாடகையை நிறுத்துபவர் தம் நியாயத்தைத் தாமே இழக்கக்கூடும்.

செய்யத் தக்கவை

1. குடிபுகும் நாளில் குழாய், தொட்டி, கழிவறை ஆகியவற்றின் நிலையை இருவரும் பார்த்துப் படத்துடன் குறித்துக் கையொப்பமிடுக. ஒப்பந்தம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு முழுதும் படித்தறிக.

2. ‘ஒரே பழுது மூன்றாம் முறை வந்தால் காரணத்தை உரிமையாளர் ஆராய்ந்து சரிசெய்வார், குடியிருப்பவரின் கவனக்குறைவால் நேர்ந்ததாயின் செலவு அவருடையது’ என்று ஒரு வரி சேர்க்க.

3. பழுதை எழுத்தில் தெரிவித்து, நாளைக் குறிப்பிடுக. பிளம்பரிடம் பழுதின் காரணத்தையும் ரசீதில் எழுதி வாங்குக.

4. வாடகையையும் பழுதுச் செலவையும் வங்கிக் கணக்கு வழியே செலுத்துக. கணக்கு அறிக்கை பின்னர்ச் சான்றாகும்.

உரிமையாளர்களுக்கு ஒரு சொல். வாடகை வருமானத்தில், செலுத்திய வீட்டுவரி போக எஞ்சிய ஆண்டு மதிப்பில் 30 விழுக்காட்டை வருமான வரிச் சட்டம் கழிவாகத் தருகிறது. இதற்குச் செலவு ரசீது காட்ட வேண்டியதில்லை. அதில் ஒரு பங்கை மாதந்தோறும் தொடர் வைப்பில் இட்டுவந்தால், குழாய் மாற்றும் செலவு சுமையாகத் தோன்றாது.

முன்னர்க் கண்ட குடும்பத்திற்குத் திரும்புவோம். மூன்றாம் முறை பழுது நேர்ந்தபோதே இருவரும் பிளம்பருடன் சேர்ந்து பார்த்திருந்தால், உப்பு இறுகிய குழாய்த் துண்டு ஒன்றை மாற்றுவதோடு காரியம் முடிந்திருக்கலாம். சுவரும் காய்ந்திருக்கும், உறவும் கெட்டிருக்காது.