முழங்கால் வீக்கம் கற்றுத் தந்த பாடம்

சிகந்தராபாத்தில் சிறிய கிளினிக் வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியம் பார்த்து வருகிறேன். நம் மலருக்கு மருத்துவக் கட்டுரை கேட்டபோது, சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் என்று பலமுறை எழுதப்பட்டதையே எழுத மனம் வரவில்லை. நானே சறுக்கிய ஒரு விஷயத்தை எழுதுகிறேன். உங்களில் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டாலும் போதும்.

2018ஆம் ஆண்டு. பத்மாராவ் நகரில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அப்போது 26 வயது. ஹைடெக் சிட்டியில் வேலை, வாரக் கடைசியில் பரதநாட்டியம். ஒரு நாள், "மாமா, வலது முழங்கால் வீங்கியிருக்கு. மாடிப்படி ஏறினா இறுக்கிப் பிடிக்குது" என்றாள். ஆடும்போது ஜவ்வு புரண்டிருக்கும் என்று நினைத்து, ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் வலி மாத்திரையும் சொன்னேன். பத்து நாளில் வீக்கம் வற்றியது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. நானும் மறுபடி மாத்திரை எழுதினேன். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

அக்காவின் மாமியார், "புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வரலாமே" என்றார். "எலும்பு முறியவில்லையே அம்மா" என்று அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு, பின் ஏன் வீங்குகிறது என்று என்னையே கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

கடைசியில் ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்தேன். அது தெளிவாக, இளமஞ்சளாக இருக்க வேண்டும். வந்ததோ பழைய இரத்தம் போன்ற கருஞ்சிவப்பு நீர். அடிபடாத காலில் இரத்தம் ஏன்? நம் நாட்டில் ஒற்றை மூட்டு நாள்பட வீங்கினால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். அதற்கான மாத்திரையைத் தொடங்கிவிடலாமா என்று எலும்பு மருத்துவ நண்பர் ஒருவரைக் கேட்டேன். "ஸ்கேன் எடுத்து, சதையைப் பரிசோதிக்காமல் எதையும் தொடங்காதீர்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவள் காலைக் காப்பாற்றியது.

நோய் என்ன?

நம் மூட்டுகளின் உட்புறத்தில் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. எலும்புகளை இணைக்கும் ஜவ்வு வேறு, இது வேறு. மூட்டு வழுக்கிக்கொண்டு அசையத் தேவையான நீரைச் சுரப்பது இந்த உள்ளுறைதான். அரிதாகச் சிலருக்கு இது தடித்து, விரல் விரலாகவும் முடிச்சு முடிச்சாகவும் வளர்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜாஃபே, லிக்டன்ஸ்டைன், சூத்ரோ என்ற மூவர் 1941இல் இதற்கு 'பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைட்டிஸ்' என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக பி.வி.என்.எஸ். இன்று 'டீனோசைனோவியல் ஜயன்ட் செல் டியூமர்' என்கிறார்கள். ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்களில் எதைப் பார்த்தாலும் திகைக்க வேண்டாம்.

முதலில் இதை ஒருவித அழற்சி என்றே நினைத்தார்கள். 2006இல்தான் அடிப்படை புரிந்தது. உள்ளுறையின் சில செல்களில் மரபணு இடம் மாறி, சி.எஸ்.எஃப்.1 என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்தப் புரதம் இரத்தத்திலுள்ள ஒருவகைச் செல்களைக் கூவி அழைக்கிறது. ஒலிபெருக்கியில் ஒருவர் அழைக்க ஊரே கூடுவது போல, கட்டியில் பெரும்பங்கு இப்படி வந்து சேர்ந்த கூட்டம்தான். வளர்ந்த உறை எளிதில் கசிந்து இரத்தம் விடும். அந்த இரத்தத்தின் இரும்புச் சத்து தங்கிப்போவதால்தான் பழுப்பு நிறம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஓரிடத்தில் மட்டும் முடிச்சாக வருவது ஒன்று. கை விரல்களில் இது அதிகம். மூட்டு முழுவதும் பரவுவது மற்றொன்று. அதற்குப் பிடித்த இடம் முழங்கால். இளவயதினரும் நடுவயதினருமே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எக்ஸ்ரேயிலும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலருக்குக் காலம் வீணாகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மட்டும் இரும்பு படிந்த இடங்கள் கறுப்பாகத் தெரியும். உறுதி செய்வது சதைப் பரிசோதனைதான். ஆபரேஷன் செய்யப் போகும் மருத்துவரே அதை எடுப்பது நல்லது. ஏனெனில் மிக அரிதாக மூட்டருகே புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரலாம். ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையாத நோயிலும் மூட்டில் இரத்தம் கசியும். எனவே குடும்பத்தில் யாருக்காவது அது உண்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை

'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டாள். இது புற்றுநோய் அல்ல என்று விளக்கினேன். ஆனால் புற்றுநோய் அல்ல என்பதால் சும்மா விட்டுவிடவும் கூடாது. விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து, இளவயதிலேயே மூட்டு மாற்று ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும்.

முக்கிய சிகிச்சை, நோயுற்ற உறையை அகற்றுவதே. சிறு துளை வழியாக ஆர்த்ராஸ்கோப் முறையிலும் செய்யலாம், திறந்தும் செய்யலாம். அவளுக்குப் பரவிய வகை. முன்பக்கம் துளை வழியாகவும், பின்பக்கம் திறந்தும் எடுத்தார்கள். பிறகு மூன்று மாதம் விடாமல் பிசியோதெரபி.

பரவிய வகை மீண்டும் வரக்கூடியது. 2021இல் அவளுக்கும் முழங்காலின் பின்புறம் சிறிதாகத் தெரிந்தது. வலியும் இல்லை, வளரவும் இல்லை. ஆகவே இன்றுவரை ஆண்டுக்கொரு ஸ்கேனோடு கவனித்து வருகிறோம். ஆபரேஷனால் தீராதவர்களுக்கு, அந்த சி.எஸ்.எஃப்.1 அழைப்பையே தடுக்கும் மாத்திரைகளும் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பெக்ஸிடார்டினிப் 2019இலும் விம்செல்டினிப் 2025இலும் அனுமதி பெற்றன. முதல் மருந்து கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது; அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை. எது யாருக்கு என்பதை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நினைவில் வைக்க

1. அடிபடாமல் ஒரே மூட்டு வீங்கி, வற்றி, மீண்டும் வீங்கினால் மூன்றாவது முறை மாத்திரை வாங்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

2. வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

3. மூட்டிலிருந்து எடுத்த நீர் என்ன நிறம் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

4. ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்களுக்கு இது மிக அவசியம். பழைய படம் இல்லாமல், கட்டி வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

5. தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்கள் தயங்க வேண்டாம். பஞ்சகுட்டா நிம்ஸ், எலும்பு மருத்துவமனையாகவே தொடங்கப்பட்டது. உஸ்மானியா, காந்தி மருத்துவமனைகளிலும் எலும்புப் பிரிவு இருக்கிறது. தெலுங்கு சரியாக வராத பெரியவர்களோடு நம்மில் ஒருவர் துணைக்குப் போகலாம்.

என் அக்கா மகள் இப்போது மாடிப்படி ஏறுகிறாள். அரைமண்டியில் முன்போல் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. அந்த எட்டு மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் நானே சொல்லிவிட்டேன்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.