முன்தேதியிட்ட வரி: ஒப்பந்தக்காரருக்கு ஒரு நியாயம், கட்சிக்கு ஒரு நியாயமா?

மக்களே, இந்த இதழில் கேட் பரீட்சை, பிளேஸ்மென்ட் பத்தியெல்லாம் நிறையப் படிச்சிருப்பீங்க. இந்தத் தடவை கொஞ்சம் வரிச் சட்டம் படிப்போம். சிவில் படிக்கிறவங்க நாளைக்கு டெண்டர் போடப் போறீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்கள்ல பலர் கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கப் போறீங்க. ரெண்டு பேருக்கும் இது தேவைப்படும்.

முதல்ல ஒரு உதாரணம். மூணாவது செமஸ்டர்ல ஒரு பேப்பர்ல 52 மார்க் எடுத்து பாஸ் ஆயிட்டீங்க. ஏழாவது செமஸ்டர்ல ஒரு சர்குலர் வருது: "பாஸ் மார்க் இனிமே 60. இது மூணாவது செமஸ்டர்ல இருந்தே அமலில் இருந்ததாகக் கருதப்படும்." உங்களுக்கு இப்ப ஒரு அரியர் விழுந்தாச்சு. நீங்க படிக்காததால வந்த அரியர் இல்ல, விதி பின்னால போய் மாறினதால வந்தது. இதைத்தான் சட்டத்தில் முன்தேதியிட்ட திருத்தம்னு சொல்றாங்க.

இது நம்ம நாட்டில் செல்லுமா? கிரிமினல் குற்றம்னா செல்லாது. அரசியலமைப்பின் 20(1) பிரிவு தெளிவா சொல்லுது: ஒரு செயலைச் செஞ்ச நாளில் அது குற்றமா இல்லைன்னா, பின்னாடி சட்டம் போட்டு தண்டிக்க முடியாது. ஆனா வரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாடாளுமன்றம் முன்தேதியிட்டு வரி போடலாம். 2014ல் வாட்டிகா டவுன்ஷிப் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, சட்டத்தில் தெளிவா எழுதியிருந்தால் ஒழிய அது பின்னோக்கிப் போகாதுன்னே எடுத்துக்கணும்னு சொன்னது. தெளிவா எழுதிட்டா?

ஒப்பந்தக்காரர் கதை

வருமான வரிச் சட்டத்தில் 80ஐஏ பிரிவு இருந்துச்சு. ரோடு, பாலம், துறைமுகம் மாதிரி உள்கட்டமைப்பை உருவாக்கும் நிறுவனங்களுக்கு, அந்த லாபத்தில் 100 சதவீதம் வரி விலக்கு, தொடர்ந்து 10 வருஷத்துக்குக் கொடுத்தாங்க. முதல்ல உருவாக்கி, பராமரித்து, இயக்கினால்தான் சலுகை. 2001 நிதிச் சட்டம் இதைத் தளர்த்தி, உருவாக்கினாலே போதும்னு மாத்துச்சு. அரசாங்க டெண்டர் எடுத்து ரோடு போட்ட ஒப்பந்தக்காரர்கள், "நாங்களும் உருவாக்குறவங்கதானே" என்று சலுகை கேட்டாங்க. சில வருமான வரித் தீர்ப்பாயங்கள் அதை ஏத்துக்கவும் செஞ்சுது.

2007ல் நிதிச் சட்டம் ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்தது. அதில் ஓட்டை இருந்ததால் 2009ல் அதை மாத்தி எழுதினாங்க: மத்திய, மாநில அரசுகள் உட்பட யார் கொடுத்த வேலை ஒப்பந்தமா இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. அமலுக்கு வரும் தேதி: 1 ஏப்ரல் 2000. அதாவது ஒன்பது வருஷம் பின்னால.

அரசாங்கம் சொன்ன காரணத்தையும் கேட்கணும். சலுகை கொடுத்தது சொந்தப் பணம் போட்டு ரிஸ்க் எடுக்கிறவங்களுக்கு, பில் போட்டுப் பணம் வாங்கிக்கிற கட்டுமான வேலைக்கு இல்ல என்பது அவங்க வாதம். அதில் அர்த்தம் இருக்கு. 2013ல் குஜராத் உயர் நீதிமன்றமும் இது வெறும் விளக்கம்தான், புது வரி இல்லைன்னு சொல்லி, எதிர்த்துப் போட்ட வழக்கைத் தள்ளிடுச்சு.

ஆனா டெண்டர் எப்படிப் போடுறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. குறைஞ்ச ரேட் போட்டவருக்குத்தான் வேலை. வரி விலக்கு உண்டுன்னு நம்பி ஒருத்தர் 2003ல் ரேட்டைக் குறைச்சிருந்தா, அந்தச் சலுகையின் ஒரு பங்கு ஏற்கெனவே அரசாங்கத்துக்கே போயிடுச்சு, மலிவான ரோடா. 2009ல் அவர்கிட்ட வரியையும் கேட்கிறாங்க. ஒரு கோடி லாபம், 30 சதவீத வரின்னு வச்சுக்கிட்டாலும் 30 லட்சம், வட்டி தனி. பழைய ரேட்டை ஏத்தித் தாங்கன்னு அவர் யாரைக் கேட்பார்?

எங்க ஊர் மயிலாடி, கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். இங்க ஒரு சிலைக்கு விலை பேசி, அச்சாரம் வாங்கி, செதுக்கி, லாரியில ஏத்தி அனுப்பியாச்சுன்னா கணக்கு முடிஞ்சுது. கல் விலை ஏறினாலும் அடுத்த சிலைக்குத்தான் புது ரேட். வரியும் இந்தச் சிற்பிகளுக்கு அப்படித்தான் நடந்திருக்கு. கல், பளிங்கு, மரத் தெய்வச் சிலைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2018 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு பண்ணுச்சு. அது ஜூலை 27ல் இருந்து வித்த சிலைக்குத்தான். அதுக்கு முன்னாடி கட்டின வரி திரும்பி வராது. சலுகை வரும்போது தேதி முன்னோக்கி மட்டும்தான் நகருது, கவனிச்சீங்களா? எல்லாருக்கும் அப்படியான்னு அடுத்துப் பார்ப்போம்.

கட்சிகள் கதை

வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்து அரசியல் கட்சிகள் நன்கொடை வாங்கக் கூடாதுன்னு 1976லேயே சட்டம் இருக்கு. லண்டன் வேதாந்தா குழுமத்தின் இந்திய நிறுவனங்களிடம் பாஜகவும் காங்கிரஸும் நன்கொடை வாங்கினது இந்தச் சட்டத்தை மீறியதுன்னு 28 மார்ச் 2014 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாசத்துக்குள் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

அடுத்து நடந்தது இது. 2016 நிதிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் சேர்த்து, 'வெளிநாட்டு நிறுவனம்' என்பதன் வரையறையை மாத்தினாங்க. அன்னிய முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் அது வெளிநாட்டு நிறுவனமே இல்ல. அமலுக்கு வரும் தேதி: 26 செப்டம்பர் 2010. ஆனா வழக்கில் இருந்த நன்கொடைகள் அதுக்கும் முந்தையவை, 1976 சட்டத்தின் கீழ் வருபவை. அதனால் 2018 நிதிச் சட்டத்தில் அந்தத் தேதியை மட்டும் 5 ஆகஸ்ட் 1976 என்று மாத்தினாங்க. 42 வருஷம் பின்னால! மக்களவையில் அந்த நிதி மசோதா அமளிக்கு நடுவே விவாதமே இல்லாம நிறைவேறுச்சு.

இது வரி இல்லையேன்னு கேட்பீங்க. சரிதான், இது நன்கொடைச் சட்டம். ஆனா ரெண்டுக்கும் பயன்பட்ட கருவி ஒண்ணுதான்: நிதிச் சட்டமும் முன்தேதியும். ஒப்பந்தக்காரரிடம் அது பின்னால போய் எடுத்தது. கட்சிகளுக்கு அது பின்னால போய் மன்னிச்சது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டுக்கும் அதில் லாபம் இருந்தது.

இங்கிலாந்திலும் இதே மாதிரி நடந்திருக்கு. ஐல் ஆஃப் மேன் தீவு வழியாக வரியைத் தவிர்த்த ஐடி ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட பலர் மேல, 2008 நிதிச் சட்டத்தின் 58வது பிரிவு 1987 வரை பின்னோக்கிப் பாய்ந்தது. மறு வருஷமே எம்பிக்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடிச்சது. தணிக்கை செய்த சர் தாமஸ் லெக், வீடு சுத்தம் செய்ய ஆண்டுக்கு 2,000 பவுண்டு, தோட்ட வேலைக்கு 1,000 பவுண்டு என்று பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து வரம்பு போட்டு, அதிகமா வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொன்னார். உடனே பல எம்பிக்கள், "பின்னால போய் விதி போடுறது அநியாயம்" என்று குரல் கொடுத்தாங்க!

அப்போ எல்லா முன்தேதிச் சட்டமும் தப்பா?

தப்புன்னு சொல்ல முடியாது. நம்ம மெட்ராஸ் மாநில வழக்கையே பாருங்க. 1958ல் கேனன் டங்கர்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டட ஒப்பந்தத்தில் பயன்படுத்தும் பொருளுக்கு மாநிலம் விற்பனை வரி போட முடியாதுன்னு சொல்லிடுச்சு. 1982ல் வந்த 46வது அரசியலமைப்புத் திருத்தம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. ஒப்பந்தக்காரர் விஷயத்தில் அந்தத் திருத்தம் பின்னோக்கிப் போகல. உணவகங்கள் பரிமாறும் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் போச்சு. அங்கேயும் ஒரு நியாயம் வச்சாங்க: உணவகங்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்த 7 செப்டம்பர் 1978க்குப் பிறகு, தீர்ப்பை நம்பி வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்காதவர், அதை நிரூபிச்சா கட்ட வேண்டாம். வசூலிச்சுப் பையில் வச்சிருந்தவர் கட்டணும். எவ்வளவு நேர்மையான கோடு!

இதில் இருந்து மூணு கேள்வி எடுத்துக்கலாம். எந்த முன்தேதிச் சட்டம் வந்தாலும் இதைக் கேளுங்க.

1. அன்னைக்கு இருந்த சட்டத்தை ஒரு நேர்மையான ஆள் எப்படிப் படிச்சிருப்பார்? தீர்ப்பாயமே ஒத்துக்கிட்ட அர்த்தம்னா, அவரை ஏமாத்துக்காரர்னு சொல்ல முடியாது.

2. அந்தப் பணம் இப்ப அவர் கையில் இருக்கா? இல்ல, குறைஞ்ச விலையா வேற யாருக்கோ போயிடுச்சா?

3. சட்டம் எழுதுறவங்க தங்களுக்கும் இதே அளவுகோலை வைக்கிறாங்களா?

80ஐஏ திருத்தம் முதல் ரெண்டு கேள்வியில் தடுமாறுது. 2018 திருத்தம் மூணாவது கேள்வியில் மொத்தமா ஃபெயில்.

நாலாவதா ஒண்ணும் இருக்கு: எதிர்த்து நிக்க யாருக்கு வழி இருக்கு? வோடஃபோன் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயிச்சது. அதே வருஷம் 1962 வரை பின்னோக்கிச் சட்டம் வந்தது. வோடஃபோனும் கெய்னும் சர்வதேச நடுவர் மன்றம் போய் 2020ல் ஜெயிச்சாங்க. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வரியைக் கைவிட்டது. சுமார் 8,100 கோடி ரூபாய் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. ரோடு போட்ட உள்ளூர் ஒப்பந்தக்காரருக்கு அப்படியொரு நடுவர் மன்றம் கிடையாது.

கடைசியா சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் 'சட்ட மாற்றம்' என்று ஒரு ஷரத்து இருக்கும். கையெழுத்துக்கு முன்னாடி அதைப் படிங்க. நெடுஞ்சாலைக்கான மாதிரி ஒப்பந்தங்களில் 'வரி' என்ற வரையறையிலேயே கம்பெனி வருமான வரி சேராது. அதாவது அது மாறினா நஷ்டம் உங்க தலையில. சலுகையை நம்பி ரேட்டைக் குறைக்கும் முன்னாடி, அந்தச் சலுகை நாளைக்குப் பின்னால போய்க் காணாம போனா தாங்க முடியுமான்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. அடுத்த வருஷம் பட்ஜெட் வரும்போது, டிவியில் வரி விகிதத்தை மட்டும் பார்த்துட்டுப் போகாம, நிதி மசோதாவில் அமலுக்கு வரும் தேதி என்னன்னும் பாருங்க.